என் என்ஜினை மட்டும் பிரித்தார்கள்

ஒரே வருடத்தில் மூன்று பந்தயங்களில் ஜெயித்தேன். மூன்று முறையும் என் காரின் என்ஜினைப் பிரித்துப் பார்த்தார்கள். எனக்கு முன்னால் அதே பந்தயங்களில் ஜெயித்த ஆண்கள் ஒருவருடைய என்ஜினையும் யாரும் பிரித்து நான் பார்த்ததில்லை. தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. இன்றைக்கும் யாராவது வந்து, ஒரு பெண்ணாக அந்தக் காலத்தில் கார்ப் பந்தயம் ஓட்டியது எப்படி இருந்தது என்று சிரித்த முகத்தோடு கேட்டால் எனக்குக் காது மடல் சூடாகிறது. எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டுமானால் அந்த என்ஜினைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

நான் ஓட்டியது சலூன் கார்ப் பந்தயம். தரையோடு தரையாக, ஒரே ஒருவர் உட்காருகிற பந்தய வண்டிகளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள், அவை வேறு. எங்களுடையவை நீங்கள் குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போய்வரும் அதே கார்கள்தாம். பின்சீட்டையும் கதவு அட்டைகளையும் கழற்றிவிட்டு, உருண்டால் கூரை நசுங்காமலிருக்க உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு கட்டியிருப்போம். என்ஜினில் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று ஒரு விதிப் புத்தகம் உண்டு. பிஸ்டனின் குறுக்களவிலிருந்து வால்வு எவ்வளவு திறக்க வேண்டும் என்பது வரை எல்லாவற்றுக்கும் அதில் அளவு போட்டிருக்கும். அந்தப் புத்தகம் எனக்கு மனப்பாடம்.

எங்களுக்குக் கிணத்துக்கடவுப் பக்கம் தென்னந்தோப்பு. தோப்பைப் பார்த்துக்கொண்டே அப்பா கோயம்புத்தூர் கணபதியில் பம்ப் மோட்டார் செய்யும் கம்பெனி ஒன்றை ஆரம்பித்தார். அதற்கு வார்ப்பு ஊற்ற ஒரு சின்ன பவுண்டரியும் வைத்தார். ஆள் வராத நாட்களில் தேங்காய் ஏற்றிய டெம்போவை நானே உடுமலைப்பேட்டைக்கு ஓட்டிக்கொண்டு போவேன். கமிஷன் மண்டியில் யாரும் என்னை அதிசயமாகப் பார்த்ததில்லை. வேலைக்காகப் பெண் வண்டி ஓட்டினால் யாருக்கும் ஒன்றுமில்லை. ஜெயிப்பதற்காக ஓட்டினால்தான் கண்ணை உறுத்தும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பந்தயக் கார் எனக்காக வாங்கியதல்ல. அண்ணனுக்காக வாங்கியது. கல்லூரியில் படித்த காலத்திலிருந்தே அவனுக்கு அந்தப் பைத்தியம். அப்பா பழைய கார் ஒன்றை வாங்கி, கூண்டு கட்டி, சென்னைக்குப் பக்கத்திலிருந்த பந்தயத் தடத்துக்கு லாரியில் ஏற்றி அனுப்பினார். முதல் நாள் பயிற்சியிலேயே இரண்டாவது வளைவில் கார் சுழன்று, ஓரத்தில் அடுக்கியிருந்த டயர்களில் போய் மோதியது. அண்ணனுக்கு ஒரு கீறல் இல்லை. ஆனால் ஊருக்கு வந்து முதுகு வலி என்று படுத்தான். கார் கம்பெனியின் பின்பக்கத்தில் தார்ப்பாய்க்கு அடியில் நான்கு மாதம் கிடந்தது.

ஒரு நாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டேன்.

"அப்பா, அந்தக் காரை நான் ஓட்டட்டுங்களா?"

"எங்க?"

"மெட்ராஸ்லதானுங்க. பந்தயத்துல."

அம்மா கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டார். "கல்யாணத்துக்கு நிக்கிற புள்ள பேசற பேச்சா இது? மூஞ்சியில அடி பட்டுப்போட்டா அப்பறம் எவன் வருவான்?"

அப்பா வாயிலிருந்ததை மென்று விழுங்கினார். பிறகு சொன்னார். "ஓட்டறதுன்னா ஓட்டு கண்ணு. ஆனா மூணு வருசமாச்சும் ஓட்டோணும். ஒரு நாள்ல எறங்கிப்போட்டு வந்து படுக்கக் கூடாது."

அண்ணன் அதே பந்தியில்தான் உட்கார்ந்திருந்தான். தலையைத் தூக்கவில்லை. நான் ஜெயிக்க ஆரம்பித்த பிறகு அவன் ஊரெல்லாம் ஒரு கதை சொன்னான்: தங்கச்சி ஆசைப்பட்டாள், நான்தான் விட்டுக்கொடுத்தேன் என்று. சொந்தக்காரர்கள் கண் கலங்கக் கேட்டார்கள். நாலு பேர் முன்னால் அவனை மறுத்துப் பேசக்கூடாது என்று இத்தனை வருடம் சும்மா இருந்தேன். இங்கே சொல்லிவிடுகிறேன். அவன் எனக்கு எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. பயந்துபோய் இறங்கினான். பயப்படுவதில் தப்பில்லை, எனக்கும் பயம் இருந்தது. அதைத் தியாகம் என்று விற்றதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

என்ஜின் வேலையை உக்கடத்துக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருந்த ஒரு பாய் எடுத்துக்கொண்டார். எங்கள் கம்பெனி வண்டிகளையெல்லாம் அவர்தான் பார்ப்பார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். அதிகம் பேசமாட்டார். ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கி முடித்ததும் அதன் தலையில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுப்பார். முறுக்கியாயிற்று என்பதற்கு அடையாளம். நான் விதிப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்வேன். அவர் கேட்டுக்கொண்டே மைக்ரோமீட்டரைத் துடைப்பார். "அப்ப இதுவரைக்கும் போலாமுங்க. இதுக்கு மேல வேண்டாமுங்க அம்மணி" என்பார். விதி எந்த இடத்தில் முடிகிறதோ அந்த இடம் வரைக்கும் போவார். ஒரு மயிரிழை தாண்டமாட்டார்.

முதல் இரண்டு வருடம் நான் ஆறாவதாக வந்தேன், எட்டாவதாக வந்தேன், ஒரு முறை கியர் பெட்டி உடைந்து பாதியில் நின்றேன். அப்போதெல்லாம் அத்தனை பேரும் என்னிடம் அன்பாக இருந்தார்கள். நாற்காலி எடுத்துப் போட்டார்கள். "நல்லா ஓட்றீங்க சிஸ்டர்" என்றார்கள். டயரில் எவ்வளவு காற்று வைக்க வேண்டும் என்று கேட்காமலே சொல்லிக்கொடுத்தார்கள். ஒவ்வொரு பந்தய முடிவிலும் மேடைக்குக் கூப்பிட்டு, சிறந்த பெண் ஓட்டுநர் என்று ஒரு கோப்பை கொடுத்தார்கள். களத்தில் என்னைத் தவிர வேறு பெண்ணே கிடையாது. யாரையும் தோற்கடிக்காமல் ஒரு கோப்பை வாங்கிக்கொண்டு, கைதட்டலுக்குத் தலையை ஆட்டிவிட்டு இறங்குவது எவ்வளவு கூச்சமான காரியம் என்பது வாங்கினவளுக்குத்தான் தெரியும்.

மூன்றாவது வருடம் ஐந்து பந்தயங்கள். அதற்குள் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டிருந்தது. நேர்ப் பாதையில் எல்லோருடைய காரும் ஏறக்குறைய ஒரே வேகம்தான். வளைவுக்கு முன்னால் யார் கடைசியாக பிரேக்கை மிதிக்கிறார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அதுவரை ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்காமல் இருக்க வேண்டும்; அதே சமயம் கார் வெளியே ஓடிவிடவும் கூடாது. அந்த இடத்தைத் தேடி இரண்டு வருடம் செலவழித்திருந்தேன்.

முதல் பந்தயத்தில் கடைசிச் சுற்று வரை இரண்டாவதாக வந்துகொண்டிருந்தேன். முன்னால் போனவர் சென்னைக்காரர், அதற்கு முந்தைய வருடத்துச் சாம்பியன். நீண்ட நேர்ப் பாதையின் முடிவில் அவருடைய பின்விளக்கு எரிந்தது. பிரேக் போட்டுவிட்டார். நான் போடவில்லை. ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணிவிட்டுத்தான் மிதித்தேன். உள்பக்கமாக நுழைந்து அவருக்கு முன்னால் வெளியே வந்தேன். கொடி விழுந்ததும் ஹெல்மெட்டுக்குள் என் சத்தம் எனக்கே கேட்டது. நான் அழுதுகொண்டிருந்தேனா சிரித்தேனா என்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

காரைக் கொண்டுவந்து நிறுத்தி ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. மூன்றாவதாக வந்தவர் புரோட்டஸ்ட் எழுதிக் கொடுத்துவிட்டார். ஒரு காரின் மேல் சந்தேகம் இருந்தால் பந்தயம் முடிந்து அரை மணி நேரத்துக்குள் பணம் கட்டிப் புகார் எழுதிக் கொடுக்கலாம். உடனே அந்த என்ஜினைப் பிரித்து அளப்பார்கள். விதியில் இருக்கிற உரிமைதான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு வருடமாக அந்தத் தடத்துக்கு நான் போய்க்கொண்டிருந்தேன், ஜெயித்தவன் மேல் ஒருவரும் அப்படி எழுதிக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

சோதனை அதிகாரி ஐம்பது வயதைத் தாண்டியவர். கொட்டகைக்குள் காரைத் தள்ளச் சொன்னார். பாயைப் பார்த்து, "நீதான் மெக்கானிக்கா? ம், கழட்டு" என்றார். எங்கள் பக்கத்தில் வாசலில் கீரை விற்க வருகிறவரைக்கூட "வாங்க, உக்காருங்க" என்றுதான் சொல்வோம். பாய்க்கு அது உறைத்ததா என்று தெரியவில்லை. எனக்கு உறைத்தது.

"அவரு பத்து வருசமா பட்டறை வச்சிருக்கறவருங்க. மரியாதையாக் கூப்பிடுங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, அட்டையில் ஏதோ எழுதினார்.

என்ஜினுக்கு மேல்மூடி மாதிரி இருக்கிற ஹெட்டைக் கழற்றினார்கள். பிஸ்டனை அளந்தார்கள். வால்வை அளந்தார்கள். வால்வைத் திறந்து மூடுகிற கேம் ஷாஃப்டை உருட்டி உருட்டிப் பார்த்தார்கள். மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரமும் நான் எண்ணெய் படிந்த தரையில் நின்றுகொண்டிருந்தேன். எல்லாம் அளவுக்குள் இருந்தது. அதிகாரி தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கார் சரியாக இருக்கிறது என்று ஒலிபெருக்கியில் யாரும் சொல்லவில்லை. புரோட்டஸ்ட் கொடுத்திருக்கிறார்கள் என்பதை மட்டும் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள்.

இரண்டாவது பந்தயத்திலும் ஜெயித்தேன். இந்த முறை எழுதிக் கொடுத்தது வேறொருவர். அதற்குள் ஒரு வதந்தி கிளம்பியிருந்தது: அவள் அப்பன் பவுண்டரி வைத்திருக்கிறான், இரகசியமாக பிஸ்டன் ஊற்றிக் கொடுக்கிறான் என்று. எங்கள் பவுண்டரியில் பம்ப்புக்கு இரும்பு வார்ப்பு ஊற்றுவார்கள். பிஸ்டன் அலுமினியம். இந்த வித்தியாசம் தெரியாதவர்கள் எழுதிக் கொடுத்த தாளை வைத்துக்கொண்டுதான் என் என்ஜினை இரண்டாவது முறை பிரித்தார்கள்.

அன்றைக்கு அதிகாரிக்கு ரயிலைப் பிடிக்கும் அவசரம். காரைக் கொட்டகைக்குள் தள்ளின உடனேயே ஹெட்டைக் கழற்றச் சொன்னார்.

"சூடு ஆறட்டுங்க சார். இப்பக் கழட்டினா ஹெட்டு வளைஞ்சுபோயிருமுங்க" என்றார் பாய்.

"அதெல்லாம் எனக்குத் தெரியும். கழட்டு."

பாய் என்னைப் பார்த்தார். மறுத்தால் புள்ளிகளை இரத்து செய்துவிடுவார்கள். நான் தலையாட்டினேன். இன்றைக்கும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிற இடம் அது. பாய் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு போல்ட்டுகளைத் திருகினார். எல்லாம் அளவுக்குள்தான் இருந்தது. திரும்பவும் ஒரு தாள், ஒரு கையெழுத்து.

ஊருக்கு வந்து பார்த்தால் ஹெட் வளைந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத வளைவு. ஆனால் நேர்ச்சட்டத்தை வைத்தால் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. சமமாகும் வரை இழைத்தால் ஹெட்டின் உயரம் குறையும். குறைந்தால் விதியை மீறியதாகிவிடும். அதைத்தான் அவர்கள் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். புது ஹெட்டுக்குச் சொல்லிவைத்தோம், அடுத்த பந்தயத்துக்குள் வந்து சேரவில்லை. பாய் அளவு அனுமதிக்கிற மட்டும் இழைத்துப் பூட்டினார். "எத்தனை சுத்து தாங்குமுன்னு சொல்ல முடியாதுங்க அம்மணி" என்றார்.

அந்த இடைவெளியில்தான் உடுமலைப் பக்கமிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். நல்ல குடும்பம். மாப்பிள்ளையின் அப்பா ரொம்பவும் பவ்யமாகப் பேசினார். காபியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தவர், "தப்பா நெனச்சுக்காதீங்க. பேப்பர்ல பார்த்தேனுங்க. கார்ல என்னமோ திருட்டு வேலை செஞ்சிருக்கறதா..." என்று இழுத்தார்.

அப்பாவின் முகம் இறுகிவிட்டது. நான் உள்ளே போய் அதிகாரி கையெழுத்துப் போட்ட இரண்டு தாள்களையும் எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தேன்.

"இது பேப்பர்ல வரலீங்க. படிச்சுப் பாருங்க" என்றேன்.

அவர் படித்தார். "அப்பச் சரிங்க" என்றார். ஆனால் போன பிறகு பதில் வரவில்லை. அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. புகார் சொன்னதைக் கொட்டை எழுத்தில் போட்ட பத்திரிகைக்கு, புகார் பொய் என்று ஒரு வரி போட இடமில்லாமல் போனது. அதற்கு என்னிடம் கோபித்துக்கொண்டு என்ன செய்வது?

மூன்றாவது பந்தயத்தில் ஆறாவது சுற்றில், வளைந்த ஹெட்டுக்கு அடியில் இருந்த கேஸ்கட் போயிற்று. முன்பக்கம் முழுக்க வெள்ளை ஆவி. முதலாவதாக ஓடிக்கொண்டிருந்தவள் காரை ஓரமாக நிறுத்தி, இறங்கி, வேலிக்குப் பின்னால் நின்றுகொண்டு மற்றவர்கள் போவதைப் பார்த்தேன். சென்னைக்காரர் ஜெயித்தார். அவருடைய என்ஜினை யாரும் பிரிக்கவில்லை. அவர் சிரித்துக்கொண்டே கோப்பையை வாங்கிக்கொண்டு, நேராகச் சாப்பிடப் போனார். ஜெயித்தவன் நேராகச் சாப்பிடப் போகலாம் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

நான்காவது பந்தயத்துக்குப் புது ஹெட் வந்துவிட்டது. ஜெயித்தேன். மூன்றாவது முறையாகப் பிரித்தார்கள். மூன்றாவது முறையாகவும் ஒன்றும் கிடைக்கவில்லை. அதோடு விட்டார்களா? கடைசிப் பந்தயத்துக்குப் பத்து நாள் முன்னால் பந்தயம் நடத்துகிறவர்களிடமிருந்து வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. நான் மற்ற ஓட்டுநர்களைவிட உடல் எடை குறைவாம். அதனால் என் காரில் மட்டும் பதினைந்து கிலோ இரும்பு வைத்து ஓட்ட வேண்டுமாம். விதிப் புத்தகத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. என்னைவிட ஒல்லியான பையன் ஒருவன் அதே களத்தில் ஓட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குக் கடிதம் போகவில்லை.

அப்பா கடிதத்தைப் படித்துவிட்டு, "நம்ம பவுண்டரியில இரும்புக்கா பஞ்சம்" என்று மட்டும் சொன்னார். பதினைந்து கிலோவில் ஒரு தட்டை வார்த்து, ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் போல்ட் போட்டு முறுக்கினார் பாய்.

கடைசிப் பந்தயம். சாம்பியன் பட்டம் எனக்கும் சென்னைக்காரருக்கும் இடையில்தான். அவரே ஜெயித்தாலும் நான் மூன்றாவதாக வந்தால் பட்டம் எனக்கு. அன்றைக்கு நான் வீரத்தைக் காட்டவில்லை. முதல் வளைவில் அவரை முன்னால் விட்டேன். ஒவ்வொரு பிரேக்கிலும் அந்த இரும்பு காரை முன்னால் தள்ளுவது காலில் தெரிந்தது. இரண்டாவதாகவே ஓட்டி, இரண்டாவதாகவே முடித்தேன். நான் சாம்பியன்.

அண்ணன் ஓடிவந்து காருக்குள்ளேயே கையை விட்டு என் தோளைக் குலுக்கினான். பாய் பானெட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு என் மேல் யாரும் புரோட்டஸ்ட் கொடுக்கவில்லை. நான் ஜெயிக்கவில்லையே, எதற்குக் கொடுக்க வேண்டும்?

நான் நேராக அதிகாரியின் மேஜைக்குப் போனேன். தாள் வாங்கி, முதலாவதாக வந்த காரின் மேல் புரோட்டஸ்ட் எழுதி, பணத்தோடு வைத்தேன்.

அதிகாரி தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "மேடம், நீங்கதான் சாம்பியன் ஆயிட்டீங்களே. இது எதுக்கு?"

"எனக்கு மூணு தடவை எதுக்கோ, அதுக்குத்தானுங்க."

"அவர் வண்டி மேல என்ன சந்தேகம்?"

"என் வண்டி மேல என்ன சந்தேகமோ அதேதானுங்க. பிஸ்டன், வால்வு, கேம் ஷாஃப்ட். எழுதியிருக்கேன், பாருங்க."

குரலைத் தாழ்த்தினார். "ஸ்போர்ட்டுக்கே கெட்ட பேர்மா. வாபஸ் வாங்கிடுங்க."

"மூணு தடவை என்னை நிக்க வெச்சப்ப ஸ்போர்ட்டுக்குக் கெட்ட பேரு வரலீங்களா?"

பின்னாலேயே வந்த அண்ணன் என் கையைப் பிடித்தான். "ஏம்புள்ள, ஜெயிச்சாச்சு. வந்துரு. எதுக்கு இவங்க பொல்லாப்பு?"

"நீ போய்க் காரை லாரியில ஏத்துண்ணா" என்றேன்.

வாபஸ் வாங்கவில்லை. சென்னைக்காரரின் காரைக் கொட்டகைக்குள் தள்ளினார்கள். அவருடைய மெக்கானிக் நரைத்த மீசைக்காரர். ஸ்பானரை எடுத்துக்கொண்டு காருக்குப் பக்கத்தில் நின்றார். அதிகாரி கழற்றச் சொல்ல வாயெடுப்பதற்கு முன்னால் நான் சொன்னேன்: "சூடு ஆறட்டுங்க. ஆறின பின்னாலதான் கழட்டோணும்."

ஒரு மணி நேரம் காத்திருந்தோம். மேடையில் பரிசளிப்பு ஆரம்பிக்க முடியாமல் விருந்தாளிகள் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அந்த மெக்கானிக் போல்ட்டுகளைத் திருக ஆரம்பித்தார். குனிந்த தலை நிமிராமல் ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தார். பயமில்லை அது. அவமானம். பாயிடம் மூன்று முறை நான் பார்த்தது.

பாய் என் பக்கத்தில் வந்து நின்றார். "அவரு என்னுங்க பண்ணுவாரு, அம்மணி. அவரும் என்னாட்டம் ஒரு மெக்கானிக்தானுங்க" என்றார்.

எழுதிக் கொடுத்தவர்கள் யாரும் அந்தக் கொட்டகையில் இல்லை. உத்தரவு போட்டவருடைய கையில் எண்ணெய் ஒட்டவில்லை. என் கோபம் போய் விழுந்தது அந்த நரைத்த மீசைக்காரர் மேல். அது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் நிறுத்தச் சொல்லவில்லை. அங்கே நிறுத்தியிருந்தால், அவர்களுடைய காரைப் பிரிக்கக்கூடாது, என்னுடையதைப் பிரிக்கலாம் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

எல்லாம் அளவுக்குள் இருந்தது. அவருடையதும் சுத்தமான கார்தான். எனக்கு அதில் ஆச்சரியமும் இல்லை, ஏமாற்றமும் இல்லை. அதிகாரி கையெழுத்துப் போட்டார். பாய் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, அந்த மெக்கானிக்கிடம் போய், ஹெட்டின் மறுபக்கத்தைப் பிடித்தார். இரண்டு பேருமாகச் சேர்த்துப் பூட்டினார்கள். நான் நின்ற பக்கம் அவர் திரும்பிப் பார்க்கவேயில்லை.

சென்னைக்காரர் என்னிடம் வந்தார். முகம் சிவந்திருந்தது.

"நான் உங்க மேல ஒரு தடவையாவது புரோட்டஸ்ட் கொடுத்தேனா? ஒண்ணுலயும் என் கையெழுத்து கிடையாது."

"இல்லைங்க. ஆனா மூணு தடவையும் நீங்க பார்த்துட்டுத்தான் இருந்தீங்க. இது அநியாயம்னு யாருகிட்டயாச்சும் ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"சொல்லல" என்றார். போய்விட்டார். மேடையில் எனக்குச் சாம்பியன் கோப்பையைக் கொடுத்தபோது அவர் கைகொடுத்தார். மற்ற யாரும் கொடுக்கவில்லை.

கோயம்புத்தூரில் ஒரு சங்கத்தில் பாராட்டு விழா வைத்தார்கள். ஒரு பெரிய மில்காரர் மாலை போட்டுவிட்டு, மைக்கில், "அம்மணி கார் மட்டுமில்லீங்க, சமையலும் நல்லாச் செய்வாங்கன்னு நம்பறேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த மனிதர் எங்கள் கம்பெனியில் மோட்டார் வாங்குகிறவர் என்பதால் அப்பா என் முழங்கையை அழுத்தினார். நான் மைக்கைக் கையில் வாங்கி, "எனக்குச் சமைக்கத் தெரியாதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

அடுத்த வருடம் ஒரு கம்பெனி புதிதாக அணி ஆரம்பித்தது. சம்பளம், இலவச டயர், இரண்டு கார். சாம்பியனை எடுப்பார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள். இரண்டாவதாக வந்த சென்னைக்காரரையும் நான்காவதாக வந்த இன்னொருவரையும் எடுத்தார்கள். நான் போன் செய்து கேட்டேன். மறுபக்கத்தில் பேசியவர் நல்ல மரியாதையோடு சொன்னார்: "நீங்க கொஞ்சம் கோபக்காரங்கன்னு எல்லாரும் சொல்றாங்க மேடம். டீமுக்கு ஒத்துவராது." மூன்று முறை தரையில் நின்று பொறுத்துக்கொண்டவளுக்கு இந்தப் பட்டம். எழுதிக் கொடுத்தவர்கள் எல்லோரும் சாதுக்கள்.

அப்பா கம்பெனிக் காரிலேயே நான் இன்னும் இரண்டு வருடம் ஓட்டினேன். முதல் வருடம் இரண்டாவதாக வந்தேன். அவர்களுடைய புது டயருக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. இரண்டாவது வருடம் திரும்பவும் சாம்பியன் ஆனேன். அந்த வருடத் தொடக்கத்தில் விதிப் புத்தகத்தில் புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: ஒவ்வொரு பந்தயத்திலும் முதல் மூன்று இடங்களில் வரும் கார்களின் என்ஜினையும் பிரித்துச் சோதிக்க வேண்டும்; என்ஜின் குளிர்ந்த பிறகே பிரிக்க வேண்டும். அந்த வரியை முதலில் படித்தபோது நான் எழுந்து அப்போதே பட்டறைக்குப் போனேன், பாயிடம் நேரில் சொல்ல. ஓட்டுநர்களுக்காகக் கூட்டிய கூட்டத்தில் பேசிய நிர்வாகிகள் இதைத் தாங்களே யோசித்துக் கொண்டுவந்த சீர்திருத்தம் என்றார்கள். நன்றி சொல்லிக்கொண்டார்கள், ஒருவருக்கொருவர். அந்த அறையின் கடைசி வரிசையில்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.

அதோடு நிறுத்தினேன். கார் பழசாகிவிட்டது, அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, கம்பெனியைப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. பிறகு அவிநாசியில் பள்ளி ஆசிரியர் ஒருவரைக் கட்டிக்கொண்டேன். அவருக்குக் கார் ஓட்டவே தெரியாது. பெண் பார்க்க வந்தபோது ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: அந்த இரும்புத் தட்டை ஏன் வைத்தீர்கள், முடியாது என்று சொல்லியிருக்கலாமே என்று. அவர்களுக்கு ஒரு சாக்குக் கிடைத்துவிடும் என்பதால்தான் என்றேன். தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்குப் போதுமாக இருந்தது.

பாயிடம் ரொம்ப வருடம் கழித்துத்தான் கேட்டேன். பட்டறையில் என் வண்டிக்கு கிளட்ச் மாற்றிக்கொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடி போட்டிருந்தார்.

"அன்னிக்கு நான் அவங்க என்ஜினைப் பிரிக்கச் சொன்னது சரிங்களா, பாய்?"

அவர் வேலையை நிறுத்தாமலே யோசித்தார். "சரிதானுங்க அம்மணி" என்றார். பிறகு ஸ்பானரைத் துடைத்து வைத்துவிட்டு, "ஆனா எனக்குப் புடிக்கலீங்க" என்றார்.

எனக்கும் பிடிக்கவில்லை என்று சொன்னேன். திரும்பவும் அதே நாள் வந்தால் என்ன செய்வீர்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அதையேதான் செய்வேன் என்று சொல்லியிருப்பேன்.